ஒரு தட்டு, ஒரு சிடி

ஜூன் 1, 2003, ஞாயிறு

நாற்பத்திரண்டு படி. இரண்டு பெட்டி இசைத்தட்டு. இறங்கும்போது முதுகு, ஏறும்போது முழங்கால். மிசியோ எமீலின் கடற்கரைக் கேளிக்கை விடுதிக்குப் போக வேறு வழியே கிடையாது.

ஆனால் நல்ல கூட்டம். இரண்டு மணிக்கு நான் பாட்டுப் போட ஆரம்பித்ததிலிருந்து வெயில் சாய்கிறவரை ஆடினார்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் கடலில் ஒரு முழுக்குப் போட்டேன். தண்ணீர் காதில் புகுந்து இன்னும் அடைத்தாற்போலவே இருக்கிறது.

சனிக்கிழமைக்காரன் கஸ்ஸான் நேற்று மறந்து விட்டுப்போன சிடி பை மேடையில் கிடந்தது. ஒரு நாள் பூராவும் போடுகிற பாட்டெல்லாம் ஒரு கைப்பைக்குள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பை மாதிரி. சிரித்தேன். அப்புறம் என் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். சிரிப்பு இருபதாவது படியோடு நின்றுவிட்டது.

ஜூன் 4, புதன்

எமீல் ஃபோன் பண்ணினார். மதுக்கூடத்தை நீட்டிக் கட்டுகிறாராம். மேடை பாதியாகிவிடும்.

"யா ஷோகிக், ஹபீப்தி, என் கண்ணே, ஒரு மேஜைதான் போட முடியும். ஒரே செட் மெஷின், ஒரே ஒயரிங். வாராவாரம் கழட்டி மாட்ட என்னால ஆகாது. உன் இசைத்தட்டு சுத்தற டர்ன்டேபிளா, கஸ்ஸானோட சிடியா, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

"பேசி முடிகிற விஷயமா இது?"

"அப்ப சண்டை போட்டு முடிவு பண்ணுங்க. ஆனா ஜூலைக்குள்ள."

ஒரு செட் மெஷின் என்றால் ஒரு ஆள். சனியும் ஞாயிறும் அவருக்கே. மற்றவர் வீட்டுக்கு.

கல்யாணங்கள் இருக்கின்றன, பட்டினி கிடக்க மாட்டேன். ஆனால் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா என் கழுத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு "அதைப் போடு, இதை நிறுத்து" என்பார். எமீலின் கடற்கரையில் மட்டும்தான் நான் என்ன போடுகிறேனோ அதுதான் பாட்டு. அதை விடுவதா? மாட்டேன்.

ஜூன் 7, சனி

கஸ்ஸான் எங்கள் பேட்டைக்கே, புர்ஜ் ஹம்மூதுக்கே வந்துவிட்டான், ஆட்டத்துக்குப் போகிற வழியில். பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்தவன். தொழிலில் பழக்கம், அவ்வளவுதான். முனைக்கடையில் சுஜுக் ரொட்டி, பூண்டு போட்ட இறைச்சி வைத்தது, வாங்கிக்கொடுத்தேன். பாதி தின்றுவிட்டு ஆரம்பித்தான்.

"உன் தட்டுல என்னதான் இருக்கு ஷோகிக்?"

"உயிர் இருக்கு."

"தூசியும் இருக்கு. பக்கத்துல நாலு பேர் குதிச்சா ஊசியும் சேர்ந்து குதிக்குது. வெயில்ல வச்சா அப்பளமாப் போகுது."

"உன் சிடியில என்ன இருக்கு? நம்பர். மைக்ரோவேவ் அடுப்பு முன்னால நிக்கிற மாதிரி நம்பரையே பார்த்துக்கிட்டு நிக்கிறே. நான் தட்டைப் பார்த்தாலே பாட்டு எங்க அடங்குது, எங்க அடி விழுதுன்னு வரி வரியாத் தெரியும். கருப்பா இருந்தா அமைதி, மினுங்கினா சத்தம்."

"அது கண்ணு. நான் காதைப் பத்திக் கேட்கிறேன். சத்தத்துல எது ஒசத்தி?"

"தட்டுதான். கதகதப்பா இருக்கும்."

"சூப்பா அது, கதகதப்பா இருக்க?" கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கஸ்ஸான் விடவில்லை. "கண்ணைக் கட்டினா சொல்லுவியா, எது தட்டு, எது சிடின்னு?"

"தூக்கத்துல சொல்லுவேன்."

முடிந்தது. அடுத்த ஞாயிறு பத்துத் தடவை போடுவது, எமீல் நடுவர். அதிகம் சரியாகச் சொல்பவருக்குக் கடற்கரை. கை குலுக்கிவிட்டோம். அவன் கையெல்லாம் பூண்டு வாசனை.

ஜூன் 10, செவ்வாய்

மாரால்: "கீழ்வீட்டுக்காரங்களுக்கும் சேர்த்தா சீரியல் வைக்கிறே?" அக்காவுக்கு எப்போதும் என்னிடம் ஏதாவது குறை.

ஜூன் 15, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

கூட்டம் வருவதற்கு முன், காலை பத்து மணி. பெரிய குளியல் துண்டு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் ஒரு டர்ன்டேபிள், ஒரு சிடி பிளேயர். அதே பாட்டு இரண்டிலும். கஸ்ஸான் நியாயமானவன், இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கும்படி அரை மணி நேரம் மெனக்கெட்டான். எமீல் துண்டுக்குப் பின்னால் போய் மந்திரவாதி மாதிரி தலையை மட்டும் நீட்டினார். மதுக்கூடத்தில் கிளாஸ் கழுவுகிறவர், இரண்டு சமையல்காரர்கள், எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

முதலில் நான். ஒவ்வொன்றுக்கும் நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். கதகதப்பு தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

அப்புறம் அவன்.

அவனுக்கு ஒன்பது. எனக்கு நாலு.

நாலு! கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலே அஞ்சு வந்திருக்கும்.

எமீல் வாயைத் திறப்பதற்குள் கஸ்ஸான் சொன்னான்: "இது செல்லாது. காத்து அடிக்குது, ஸ்பீக்கர் வேற ஒரு பக்கமாத் திரும்பி இருக்கு. இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

காற்றே இல்லை. துண்டு ஆடவே இல்லை.

படிக்கட்டில் அவனைப் பிடித்தேன். "என்னடா, எனக்குப் பிச்சை போடறியா? ஜெயிச்சா ஜெயிச்சேன்னு சொல்லிட்டுப் போயேன்! எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க, நீ என்னவோ பெரிய மனுஷன் மாதிரி —"

அவன் நாலு படி கீழே இறங்கி வந்தான். மெதுவாகப் பேசினான். "அந்தத் தட்டுல ஒரு கீறல் இருக்கு, ஷோகிக். ஆரம்பத்துலயே. டிக், டிக்னு. கிளாஸ் கழுவறவருக்குக்கூடக் கேட்டுது, அவர் சிரிச்சுக்கிட்டு இருந்தார். உனக்கு அது கேட்கல."

"கேட்டுச்சு."

"கேட்டிருந்தா என்னை மாதிரி ஒன்பதாவது வாங்கியிருப்பே. நீ எப்பவும் வலது பக்கமே திரும்பிக் கேட்கிறே, தெரியுமா? முன்னெல்லாம் அப்படி இல்லை."

உனக்கென்ன டாக்டர்னு நெனப்பா, போடா என்று கத்தினேன். மத்தியான ஆட்டத்தை எப்படி ஒப்பேற்றினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன். வலது காதில் எங்கேயோ ஒரு டிக். இடது காதில் ஒன்றுமே இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று மறுபடி வலது காதில் வைத்தேன். ஓடுகிறது.

அப்பாவுக்கு அறுபதில் காது போயிற்று. கடைசிப் பத்து வருஷம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "அப்பா, உப்பு வேணுமா?" தலையாட்டல். "அப்பா, வீடு பத்தி எரியுது." தலையாட்டல். நாங்கள் சிரிப்போம். எனக்கு முப்பத்தேழுதான் ஆகிறது.

காது இல்லாமல் நான் என்ன செய்வேன்? வேறென்ன தெரியும் எனக்கு?

ஜூன் 17, செவ்வாய்

மாராலிடம் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

சொல்லிவிட்டேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அழ ஆரம்பித்ததும் கத்தியை வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்து என் தலையைச் சாய்த்து, பிள்ளைகள் வார்டில் செய்கிற மாதிரியே "அசையாதே, முயல்குட்டி" என்றாள். பதினேழு வருஷம் நர்ஸ், பழக்கம். உள்ளே ஒன்றும் தெரியவில்லையாம். "ஒண்ணும் தெரியலைன்னா நல்லதா, கெட்டதா?" "ஒண்ணும் தெரியலைன்னா ஒண்ணும் தெரியலைன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம்."

ஜூன் 20, வெள்ளி

அழுக்கு!

அழுக்கு, அழுக்கு, அழுக்கு!

டாக்டர் இடது காதைப் பார்த்தார். வலதைப் பார்த்தார். மறுபடி இடதைப் பார்த்தார். "மதாம், என்ன வேலை பண்றீங்க?" பாட்டுப் போடுகிறேன், ஒரு பக்கக் காதில் எப்போதும் ஹெட்ஃபோன் என்றேன். கடலில் குளிப்பீர்களா என்றார். தினமும் என்றேன். "ஹெட்ஃபோன் அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளியிருக்கு. கடல் தண்ணி ஊற வச்சிருக்கு. இது காது இல்லை, அடைச்ச சாக்கடை."

வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினார். மாரால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழுந்ததைப் பார்த்ததும் பதினேழு வருஷ நர்ஸ் "அய்யய்யே!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொண்டைக்கடலை அளவு! வலதில் பாதி அளவு.

அப்புறம் கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்தார். இடது காதில் மிக உயர்ந்த சுருதி மட்டும் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கிறது, அது திரும்பாது. இனிமேல் ஹெட்ஃபோன் சத்தத்தைக் குறை, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றால் காதில் அடைப்பான் வை என்றார். "பார்த்து வச்சுக்கிட்டா இன்னும் நாப்பது வருஷம் வரும்." எழுந்து அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டேன். மாராலுக்கு வெட்கம்.

தெருவுக்கு வந்தேன் — கடவுளே. ஸ்கூட்டர்கள். ஜெனரேட்டர்கள். மூன்றாவது மாடியில் ஒருத்தி கம்பளத்தை உதறுகிறாள். மாராலின் வளையல். மாராலின் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் கீச்சிடுகிறது. "எத்தனை நாளா இப்படிச் சத்தம் போடுது?" "வாங்கின நாள்லேருந்து. ஒரு வருஷமாச்சு."

வீட்டில் சீரியலை வைத்தேன். இருவரும் காதைப் பொத்திக்கொண்டோம்.

ஜூன் 21, சனி

சந்தோஷமாகக் காலையில் எழுந்து முதல் வேலையாக என் உயிரான தட்டைப் போட்டேன். ஆட்டம் சூடு பிடிக்கும்போது எப்போதும் போடுவது அதைத்தான்.

வாணலியில் எண்ணெய் கொதிக்கிற மாதிரி இருந்தது. பாடுகிறவள் ஒவ்வொரு 'ஸ'வுக்கும் காறித் துப்புகிறாள். வயலின்கள் எல்லாம் தகரம். ஊசி கெட்டுப்போச்சு என்று புது ஊசி மாட்டினேன். அதேதான். அடுத்த தட்டு. அதேதான். அடுத்தது.

தேய்ந்துபோயிருக்கின்றன. ஊசி குதிக்கக் கூடாதே என்று கனத்தை ஏற்றி ஏற்றி வைத்து நானே உழுது வைத்திருக்கிறேன். இதைத்தான் கதகதப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனா? ஜனங்கள் எப்படி ஆடினார்கள் இதற்கு? பாவம், வெயிலுக்கும் கடலுக்கும் ஆடியிருப்பார்கள்.

நானூறு சொச்சம் தட்டு. சாயங்காலம்வரை கேட்டேன். எழுபது தேறும். அதிகம் போடாதவை. அவை மட்டும் — ஆமாம், அவை மட்டும் இன்னும் அருமை. 'கதகதப்பு' என்ற சொல்லை நான் இனி உபயோகிக்க மாட்டேன், ஆனால் அதுதான்.

ஜூன் 22, ஞாயிறு

எழுபது தட்டு, ஒரே பெட்டி. படி சுலபம். ஆட்டம் சுமார். முகம் தெரிந்தவர் ஒருவர் வந்து "உங்க பாட்டு இன்னைக்கு ரொம்பத் தெளிவா இருக்கே, ஸ்பீக்கர் மாத்திட்டீங்களா?" என்றார். காதை மாற்றினேன் என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

ஜூன் 24, செவ்வாய்

கஸ்ஸான் வீட்டுக்குப் போனேன். கேக் வாங்கிக்கொண்டு போகச் சொன்னாள் மாரால். வாங்கிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே சொன்னேன்: "நீ ஜெயிச்சே. கடற்கரை உனக்கு. என் காதுல கொண்டைக்கடலை அளவு அழுக்கு."

அவன் என்னைப் பார்த்தான். கேக்கைப் பார்த்தான். "இது கேக்கா, அதுவா?" அப்புறம் இரண்டு பேரும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான் முழுக்கதையும் சொன்னேன், தட்டுகள் தேய்ந்த கதையும் சேர்த்து. அவன் குத்திக்காட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காபி போடப் போகும்போது ஒரு சிடியைப் போட்டுவிட்டுப் போனான். கேட்டேன். ஏதோ சரியில்லை. தாளத்தட்டு 'ச்சிங்' என்று விழ வேண்டிய இடத்தில் 'ஷ்லூஷ்' என்று, யாரோ தண்ணீருக்கு அடியில் துணி அலசுகிற மாதிரி. எடுத்துவிட்டு இன்னொன்று போட்டேன். அதிலும் அலசல்.

காபியோடு வந்து நின்றான். நான் சிடியைத் திருப்பிப் பார்த்தேன். மேலே பேனாவால் எழுதியிருக்கிறது.

"கஸ்ஸான், இது எங்க வாங்கினது?"

"...வாங்கினதுதான்."

"எந்தக் கடையில?"

காது நுனி சிவந்துவிட்டது அவனுக்கு. "சரி. இன்டர்நெட்ல இறக்கினது. என் மச்சான் பிள்ளை பாட்டைச் சுருக்கி அனுப்புவான், நான் சிடியில எழுதிப்பேன். பாதி அப்படித்தான். பாதிக்கு மேலே. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"பன்னிரண்டு வருஷத் தொழில், துவைச்ச பாட்டைப் போட்டுக்கிட்டு இருக்கே. இதுல எனக்குத் தூசியைப் பத்திப் பாடம்!"

"வயலினெல்லாம் தகரமா கேட்டுதுன்னு இப்பதானே எங்கிட்ட ஒப்புக்கிட்டே?"

"நான் அழுக்கு. நீ திருடன்."

"நல்ல ஜோடி," என்றான். இரண்டு பேரும் சட்டென்று காபியைக் குடித்தோம்.

அப்புறம் வீட்டுக்குப் போய் என் எழுபது தட்டையும் எடுத்துவந்து வேலையில் இறங்கினோம். ஒவ்வொரு பாட்டாக எடுத்து, என் தட்டையும் அவன் காசு கொடுத்து வாங்கின சிடியையும் வைத்துக் கேட்டோம். துண்டு தொங்கவிடவில்லை, கண்ணையும் கட்டவில்லை. சிலதில் சிடி சுத்தமாக ஜெயித்தது. சிலதைச் சிடிக்கு மாற்றும்போது எவனோ மொத்தத்தையும் உச்சத்துக்கு ஏற்றிப் பிழிந்து வைத்திருக்கிறான், அதில் தட்டுதான் மூச்சு விடுகிறது. சிலதில் வித்தியாசமே இல்லை. அதைச் சொல்ல இரண்டு பேருக்கும் ரொம்ப நேரம் பிடித்தது.

ஜூலை 1, செவ்வாய்

கடற்கரை எனக்கு மட்டும் வேண்டாம் என்றுவிட்டான் கஸ்ஸான்; இரண்டு பேருமாகப் போய் எமீலின் புது மேடையை அளந்தோம். மேஜை ஒன்றரை மீட்டர். இரண்டு டர்ன்டேபிள், பாட்டுகளை இணைக்கிற மிக்சர் பெட்டி என்றாலும் சரியாக இருக்கும். இரண்டு சிடி பிளேயர், மிக்சர் என்றாலும். ஒரு டர்ன்டேபிள், ஒரு சிடி பிளேயர், நடுவில் மிக்சர் என்றால் — அதுவும்தான். ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை?

"ஒரே செட் மெஷின்னு கேட்டீங்க, மிசியோ எமீல். இது ஒரே செட்," என்றேன்.

"ஆளு ரெண்டு இருக்கே?"

"நாங்க ஒல்லிதான்," என்றான் கஸ்ஸான், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு.

எமீல் நம்பவில்லை. "ஒரு மாசம் பார்ப்பேன். மேடையில சண்டை போட்டீங்கன்னா ரெண்டு பேரையும் கடல்ல தள்ளிடுவேன்."

ஜூலை 6, ஞாயிறு

மேடையில் சண்டை போட்டோம். மைக் மூடியிருந்ததால் எமீலுக்குத் தெரியாது.

ஜூலை 13, ஞாயிறு

புது மேடைப் பலகை ஆடுகிறது. ஐந்து மணிக்கு ஒரு கூட்டம் கைகோத்துத் தப்கே ஆட ஆரம்பித்தது. நாற்பது கால் ஒரே நேரத்தில் தரையை மிதித்தால் ஊசி என்ன பண்ணும்? தவளை மாதிரி தாவியது. பாட்டு நடுவிலிருந்து கடைசிக்குப் போய்விட்டது. என் முகம் செத்துப்போயிற்று. கஸ்ஸான் அதே வேகத்தில் அடுத்த பாட்டைச் சிடியிலிருந்து ஏற்றிவிட்டான். ஆடினவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லத்தான் வேண்டும்: அழகாகச் செய்தான். சொல்லவும் சொன்னேன். "நம்பரைப் பார்த்துத்தானே செஞ்சேன்," என்றான், பன்றிப்பயல்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று நடந்ததைத் தூங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நாலரை மணி, கூட்டம் உச்சத்தில். என் தட்டில் ஒரு பழைய பாட்டு ஓடுகிறது, பல்லவி எல்லோருக்கும் மனப்பாடம். பல்லவி நடுவில் மின்சாரம் போயிற்று.

ஸ்பீக்கர் ஊமை. ஆனால் ஜனங்கள் நிறுத்தவில்லை! அந்த வேகத்திலேயே கைதட்டிக்கொண்டு பாடுகிறார்கள். கஸ்ஸான் மேடையின் நுனிக்கு ஓடி, இரண்டு கையையும் ஆட்டி, கழுதை மாதிரி கத்திப் பாட ஆரம்பித்தான். ஒரு சுரமும் சரியில்லை. ஜெனரேட்டர் எழும்ப அரை நிமிஷமாவது ஆகும்.

தட்டு மெதுவாகச் சுழன்று நின்றது. ஊசி இன்னும் வரியிலேயே. எனக்கு என்ன தோன்றியதோ, குனிந்து ஊசியிலிருந்து ஒரு விரல் தூரத்தில் காதை வைத்து, கையால் தட்டைச் சுற்றினேன். கேட்டது. மின்சாரம் இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல், ஊசியிலிருந்தே, ஒரு எறும்பு பாடுகிற மாதிரி, அந்தப் பெண்ணின் குரல். ஒரு மாதத்துக்கு முன்னால் இது எனக்குக் கேட்டிருக்குமா?

ஜனங்கள் எந்த வரியில் இருக்கிறார்களோ அந்த வரிக்கு விரலால் தட்டைக் கொண்டுபோனேன். அவர்கள் வேகத்திலேயே சுற்றிக்கொண்டே இருந்தேன். விரல் வலித்தது. பல்லவி முடிந்து மறுபடி பல்லவி. விளக்கு ஒரு தரம் மினுக்கியது. பொத்தானை அழுத்தினேன் — பாட்டு அவர்கள் வாயிலிருந்த அதே வார்த்தையில் வந்து ஏறிக்கொண்டது.

அந்தக் கூச்சல்! கிளாஸ் கழுவுகிறவர் மதுக்கூடத்தைத் தாண்டிக் குதித்து வந்துவிட்டார். சிடி பிளேயர் அப்போதுதான் விழித்து, சிடி எங்கே, பாட்டு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது.

கஸ்ஸான் வந்து மேஜையில் கையூன்றி மூச்சு வாங்கினான். "எப்படிப் பண்ணினே?"

"கேட்டுச்சு," என்றேன்.

அவன் என் தலையில் ஒரு முறை தட்டிவிட்டு அடுத்த சிடியைத் தேடப் போனான். எமீல் இரண்டு கிளாஸ் அராக், சோம்புச் சாராயம், அனுப்பினார். கடலில் தள்ளவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கஸ்ஸான் என் தட்டு ஒன்றை வெயிலில் வைத்துவிட்டான். ஹும்முஸ் மசியல் வைக்கிற கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. தேறின எழுபதில் ஒன்று! பழிக்குப் பழி, அவன் சிடியில் ஒன்றின் மேல் பிஸ்தா உடைத்தேன். மாரால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "எத்தனை வயசுப் பிள்ளைங்க நீங்க? என் வார்டுல படுக்கை காலியா இருக்கு," என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சீசன் கடைசி ஆட்டம். காற்று குளிர்ந்துவிட்டது. அடுத்த கோடைக்கும் நாங்கள்தான் என்று எமீல் சொல்லிவிட்டார். கஸ்ஸான் துவைத்த சிடிகளை ஒரு மூட்டையாகக் கட்டி எமீலின் தோட்டத்தில் காக்கை ஓட்டக் கொடுத்துவிட்டான்.

நவம்பர் 15, சனி

கஸ்ஸானும் நானும் சேர்ந்து பாட்டுக்கடை வைக்க மார் மிகாயேல் பகுதியில் பார்த்த இடத்துக்குச் சாவி கிடைத்துவிட்டது. சின்னது. பழைய தட்டு, நல்ல சிடி, உட்கார்ந்து கேட்க ஒரு சோபா. பலகையில் இரண்டு பேர் பெயர். மழை, கூரையில் ஒரு மூலையில் ஒழுகுகிறது.

அலமாரிக்கு ஆசாரி வந்தார். "இசைத்தட்டுக்கு உயரமான அடுக்கு அடிக்கணும், சிடிக்குக் குட்டையா. எது அதிகம் வேணும்?"

"சிடிக்கு," என்றேன் நான்.

"தட்டுக்கு," என்றான் கஸ்ஸான்.

ஒரே நேரத்தில். ஆசாரி ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை அவனைப் பார்த்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை, சிடிதான் விற்கும் என்றேன். தட்டைத் தேடித்தான் ஆள் வரும் என்றான் அவன். ஆசாரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க," என்று போய்விட்டார்.

முடிவு பண்ணவில்லை. பசித்தது, சாப்பிடப் போய்விட்டோம்.